ஏஜென்சி மூலம் ஆள் எடுப்பதில் அரசுக்கு மிச்சமா? கணக்கோடு பேசுவோம்

தேனி முருகு | ஞாயிறு, காலை 10.20

வணக்கம். ஓர் அரசு அலுவலகத்தில் ஒன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருக்கிறேன். அரசு ஊழியர் இல்லை, ஏஜென்சி ஆள். எந்த அலுவலகம், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சொன்னால் அடுத்த மாதம் என் நாற்காலியில் வேறொருவர் இருப்பார்.

ஏஜென்சி மாதாமாதம் கொடுக்கும் பில்லைக் கருவூலத்துக்கு அனுப்பத் தயார் செய்வது நான்தான். என் சம்பளத்துக்கு அரசு எவ்வளவு செலவழிக்கிறது என்பதை என் கையாலேயே டைப் அடிக்கிறேன். அந்தக் கணக்கை இங்கே வைக்கிறேன்.

ஓர் ஆளுக்குச் சம்பளம் 15,000 ரூபாய். அதன்மேல் பி.எஃப்., அதற்கான நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 13 சதவீதம், 1,950. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 487.50. இந்தக் கூட்டுத்தொகைமேல் ஏஜென்சிக்கு சர்வீஸ் சார்ஜ் 5 சதவீதம், 872. அப்புறம் எல்லாவற்றுக்கும் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 3,296. ஆக ஓர் ஆளுக்கு அரசு கொடுப்பது 21,605 ரூபாய்.

என் கைக்கு வருவது, என் பங்கு பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 112.50 போக, 13,087 ரூபாய் 50 காசு.

ஒன்பது வருடத்தில் மூன்று ஏஜென்சி மாறிவிட்டது. நாற்காலி மாறவில்லை, வேலை மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் புது அடையாள அட்டை வரும், சம்பளம் பழையபடி தொடக்கத்துக்குப் போகும். அரசுக்கு இது மிச்சம் என்கிறார்கள். 21,605 கொடுத்து 13,087 ரூபாய்க்கு ஓர் ஆளை வைத்திருப்பது எப்படி மிச்சம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை | ஞாயிறு, பகல் 11.45

தம்பி முருகு, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். நான் உள்ளாட்சித் தணிக்கையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன்.

நீங்கள் காட்டும் 8,500 ரூபாய் இடைவெளி முழுவதும் ஏஜென்சி பைக்குள் போகவில்லை. பி.எஃப்.பில் இரு பக்கமும் சேர்த்து 3,600 ரூபாய் உங்கள் பெயரில்தான் சேருகிறது. இ.எஸ்.ஐ. 600 ரூபாய் உங்கள் குடும்ப மருத்துவத்துக்கு. ஜி.எஸ்.டி. 3,296 ரூபாய் பாதி மத்திய அரசுக்கும் பாதி மாநில அரசுக்கும் திரும்பிப் போகிறது. ஏஜென்சிக்கு நிற்பது அந்த 872 ரூபாய் மட்டும்.

இப்போது அதே நாற்காலியில் ஓர் இளநிலை உதவியாளரை உட்கார வையுங்கள். அடிப்படை ஊதியம் 19,500. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, வீட்டு வாடகைப்படி வேறு. முதல் நாளே 30,000-ஐத் தாண்டும். ஓய்வூதியத்துக்கு அரசின் பங்கு 10 சதவீதம் என்று 2003 ஏப்ரலில் வந்த திட்டப்படி வைத்தால்கூட இன்னும் 3,000. ஆண்டுதோறும் இன்கிரிமென்ட், ஈட்டிய விடுப்பு, முப்பது வருடப் பொறுப்பு. ஜி.எஸ்.டி.யையும் செலவாகவே சேர்த்துப் பார்த்தாலும் ஆளுக்கு மாதம் 11,000 மிச்சம். 300 பேர் உள்ள ஒரு நகராட்சிக்கு இது வருடத்துக்குக் கிட்டத்தட்ட 4 கோடி ரூபாய்.

அந்த 4 கோடி எங்கிருந்து வரும்? சொத்து வரியைக் கூட்டினால் மக்கள் தெருவுக்கு வருகிறார்கள். நகராட்சிகளின் நிர்வாகச் செலவு வருமானத்தில் 49 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பை வைத்துக்கொண்டுதான் நாங்கள் வருடாவருடம் மல்லுக்கட்டினோம். சம்பளமே எல்லாவற்றையும் தின்றுவிட்டால் தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் காசு இருக்காது. நான் கண்ணால் பார்த்த ஊர்கள் உண்டு.


வடசென்னைவாசி | ஞாயிறு, பிற்பகல் 2.05

கணக்குப்பிள்ளை ஐயா, ஒரு திருத்தம். துப்புரவு போன்ற உள்ளாட்சிப் பணிகளுக்கு ஆள் மட்டும் அனுப்பினால் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. முருகு அண்ணனின் பில்லை வைத்து நகராட்சிக் கணக்கைப் போட முடியாது. சரி, அது சின்ன விஷயம்.

பெரிய விஷயம், மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது. 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி முதல் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணி தனியார் நிறுவனத்துக்குப் போனதுதான் காரணம். அதுவரை நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வழியாக வேலை பார்த்தவர்கள், பல பேர் பத்து வருடத்துக்கு மேல். மாதம் 23,000 ரூபாய் சுற்றி வாங்கியவர்களுக்கு நிறுவனத்தில் 17,000 சுற்றித்தான் என்றார்கள். பதின்மூன்று நாள் மழையிலும் வெயிலிலும் நடைபாதையில் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி போலீஸ் அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை காலை உணவு, காப்பீடு என்று திட்டங்களை அறிவித்தது. அந்த ஆறாயிரம் ரூபாய்க்கு அதில் பதில் இல்லை.

சென்னைக்கு இது புதிதும் இல்லை. 2000-இல் ஓனிக்ஸ் என்ற தனியார் குப்பைக் கம்பெனி வந்தது. அது போய் இருபது வருடம் நெருங்கினாலும் எங்கள் பக்கத்தில் சில பாட்டிகள் குப்பை வண்டி வந்தால் இன்னும் "ஓனிக்ஸ் வந்திருச்சு" என்றுதான் சொல்வார்கள். கம்பெனிகள் மாறி மாறி வந்தன. குப்பை அள்ளும் கை அந்தந்தப் பகுதிப் பெண்களின் கைதான்.

எங்கள் தெருவைப் பெருக்கும் அக்காவுக்கு எந்த வீட்டில் இன்சுலின் ஊசி போடுகிறார்கள் என்று தெரியும். அந்த வீட்டுப் பையை மட்டும் கையால் அழுத்த மாட்டார், முடிச்சைப் பிடித்துத் தூக்கித் தனியாக வைப்பார். இதை யாரும் அவருக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தரவில்லை. பத்து வருடம் அதே தெரு. அவரை மாற்றிவிட்டுப் புதிதாக ஓர் ஆளைப் போட்டால் முதல் வாரத்திலேயே அந்த ஊசி யார் கையிலாவது ஏறும். உங்கள் 4 கோடியில் இதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள், ஐயா?


கணக்குப்பிள்ளை | ஞாயிறு, பிற்பகல் 3.30

ஜி.எஸ்.டி. திருத்தம் சரி, ஏற்கிறேன்.

ஆனால் குப்பை ஒப்பந்தத்தில் ஆள் மட்டும் வருவதில்லை. பேட்டரி வண்டி, காம்பாக்டர் லாரி, பழுதுபார்ப்பு, டீசல் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. வேலை நடக்காவிட்டால் பில்லில் அபராதம் பிடிக்கலாம். நிரந்தரப் பணியாளர் காலத்தில் எங்கள் ஊரில் 12 லாரியில் 5 லாரி ஷெட்டில் நிற்கும். டயர் வாங்க ஒப்புதல் வர நான்கு மாதம். வேலைக்கு வராதவரைக் கேட்கவும் முடியாது. அந்த நிலைக்குத் திரும்பச் சொல்கிறீர்களா?


ஈரோட்டுக்காரன் | ஞாயிறு, மாலை 6.10

நான் சின்ன அளவில் ஏஜென்சி நடத்துகிறவன். இங்கே எல்லாரும் ஏஜென்சி என்றாலே கொள்ளைக்காரன் என்று பேசுவதால் எழுதுகிறேனுங்க.

முருகு தம்பி ஏஜென்சிக்கு 5 சதவீதம் என்று போட்டிருக்கிறார். அது நல்ல டெண்டர். நான் 3 சதவீதம் கேட்டுத் தோற்றிருக்கிறேன். ஒரு சதவீதத்துக்கும் கீழே, பைசாக் கணக்கில் எழுதி எடுத்தவர்கள் உண்டு. 15,000 ரூபாய் ஆளுக்குப் பத்து இருபது ரூபாய் லாபத்தில் எவன் தொழில் நடத்துவான்? அவனுக்கு வருமானம் வேறு வழியில் வரும். வேலைக்குச் சேரும்போதே ஆளுக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் லஞ்சம். சீருடைக்குப் பிடித்தம். பி.எஃப். பிடிப்பான், கட்ட மாட்டான். இல்லாத ஆள் பெயருக்குப் பில் போடுவான். டெண்டர் திறக்கிற அதிகாரிக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. குறைந்த விலைக்குக் கொடுத்தேன் என்று கோப்பில் எழுதிவிட்டால் அவருக்குத் தணிக்கையில் கேள்வி வராது, அவ்வளவுதான்.

இன்னொன்று. சம்பளத்தை நான் முதலில் கொடுக்க வேண்டும், அரசு பின்னால் தரும். ஒரு தடவை 60 பேருக்கு நான்கு மாத பில் நின்றுபோனது. நிதி ஒதுக்கீடு வரவில்லை என்றார்கள். இரண்டு மாதம் கடன் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது மாதம் என் மனைவியின் வளையலும் ஆரமும் அடகுக் கடைக்குப் போனது. நான்காவது மாதம் முடியவில்லை. அந்த அறுபது பேரில் ஒரு அம்மா என் வீட்டு வாசலில் வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இத்தனைக்குப் பிறகும் இந்த முறை வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆஸ்பத்திரியில் காலை ஷிஃப்டுக்கு ஒரு ஆள் வரவில்லை என்றால் எட்டு மணிக்குள் நான் வேறு ஆளை நிறுத்துகிறேன். அரசு ஒரு காலியிடத்தை நிரப்ப அறிவிப்பு, தேர்வு, ரிசல்ட், வழக்கு என்று இரண்டு வருடம் எடுக்கும். அதுவரை தரையை யார் துடைப்பது?


தேனி முருகு | ஞாயிறு, இரவு 8.50

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். எங்கள் இரண்டாவது ஏஜென்சி பதினோரு மாத பி.எஃப். கட்டாமலேயே போய்விட்டது. கணக்குப்பிள்ளை ஐயா "உங்கள் பெயரில்தான் சேருகிறது" என்கிறார். சேர்ந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அலுவலகத்தில் கேட்டால் ஏஜென்சியைக் கேள் என்றார்கள். ஏஜென்சி போன் எடுக்கவில்லை.


கோர்ட்டு வராந்தா | ஞாயிறு, இரவு 10.15

முருகு, அது தவறான பதில். ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது அந்த அலுவலகம், கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. பி.எஃப்.புக்கும் முதன்மை வேலையளிப்பவருக்குப் பொறுப்பு உண்டு. பி.எஃப். அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

நிரந்தரம் பற்றிச் சட்டம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில், ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2006-இல் உமாதேவி வழக்கில், தேர்வு நடைமுறை இல்லாமல் உள்ளே வந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. இருபது வருடமாக எந்தத் தற்காலிகப் பணியாளர் வழக்குப் போட்டாலும் அரசு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டுவது உமாதேவியைத்தான்.

ஆனால் அதே நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், உமாதேவியைக் கேடயமாக வைத்துக்கொண்டு பல வருடம் உழைத்தவர்களை வெளியேற்றுவதைக் கண்டித்தது. அந்த வழக்கில் வந்தவர்கள் மத்திய நீர் ஆணைய அலுவலகத்தில் பெருக்கித் துடைத்தவர்களும் தோட்டக்காரரும். 2025 ஆகஸ்டில் தரம் சிங் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. அன்றாட அடிப்படைப் பணிகளைச் செய்கிறவர்களின் முதுகில் ஏறி அரசு பட்ஜெட்டைச் சமன்செய்யக் கூடாது என்ற பொருளில் எழுதியது.

ஏஜென்சிக்கும் நேரடித் தற்காலிகத்துக்கும் வித்தியாசம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். 2015-இல் செவிலியர்களைத் தேர்வு வைத்து 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். இரண்டிலும் ஏஜென்சி இல்லை, அரசே நேராக எடுத்தது. அவர்களும் பல வருடம் தெருவில் நின்றார்கள். ஏஜென்சியை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.


மதுரைக் கயல் | திங்கள், காலை 6.40

நான்கு வருடமாக குரூப் 4 அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். யாரும் எங்களைப் பற்றிப் பேசாததால் எழுதுகிறேன்.

முருகு அண்ணா உட்கார்ந்திருப்பது ஒரு காலிப்பணியிடம். அது அறிவிப்பில் வந்திருந்தால் எங்களில் ஒருவர் எழுதி வந்திருப்போம். அவரை நிரந்தரமாக்கினால் அந்த இடம் எங்களுக்கு நிரந்தரமாகவே போய்விடும். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. என் வீட்டில் நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு தினமும் பஸ்ஸுக்குப் பணம் வாங்கும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் ஏஜென்சி முறைதான் எங்களுக்குப் பெரிய இழப்பு. அரசுத் தேர்வில் 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகள், தமிழ்வழியில் படித்தவர்கள் எல்லாருக்கும் இடம் இருக்கிறது. ஏஜென்சியில் எந்த இனச்சுழற்சியும் கிடையாது. யாருக்கு யாரைத் தெரியுமோ அவர் உள்ளே போகிறார். நான்காம் நிலையில் ஆரம்பித்து மேலே போகிற ஏணியின் முதல் படியையே எடுத்துவிடுகிறார்கள். 2022 அக்டோபரில் அரசாணை 115 வந்தபோது அரசு ஊழியர் சங்கங்கள் அதனால்தான் பதறின. வெளிமுகமை, அதாவது ஏஜென்சி, மூலம் எந்தெந்தப் பணியிடங்களை நிரப்பலாம் என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். எதிர்ப்பு வந்ததும் அந்த ஆய்வு வரம்பை ரத்து செய்தார்கள். ஆணை போனாலும் நடைமுறை போகவில்லையே.


தேனி முருகு | திங்கள், மதியம் 1.25

கயல் தங்கச்சி, கோபமே இல்லை. உன் இடத்தில் நானும் இருந்தேன். இரண்டு தடவை எழுதினேன், இரண்டாவது தடவை நான்கு மதிப்பெண்ணில் போனது. அப்பா இறந்த வருடம் அது. கையில் கிடைத்த வேலைக்கு வந்தேன். இப்போது என் பிரிவுக்கு வயது வரம்பு முடிந்துவிட்டது. உன் இடத்தை நான் பிடித்துவைத்திருக்கிறேன் என்றால், எனக்கும் அதில் இடமில்லை என்பதையும் சேர்த்துப் பார்.

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்று காலையிலிருந்து 41 விண்ணப்பம் பார்த்திருக்கிறேன். எனக்கென்று லாகின் கிடையாது. ஓர் உதவியாளரின் பெயரில் உள்ள லாகினில்தான் உட்காருகிறேன், அதன் பாஸ்வேர்டு மானிட்டருக்குக் கீழே ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கிறது. ஒரு பெயரில் எழுத்துப் பிழை விட்டால் அது அவர் செய்த பிழையாகப் பதிவாகும். நான் சரியாகச் செய்த வேலையும் அவர் செய்ததாகத்தான் பதிவாகும். ஒன்பது வருடத்தில் இந்த அலுவலகத்தில் நான் வேலை செய்தேன் என்பதற்கு ஒரு கோப்பிலும் ஓர் எழுத்து இல்லை. வருகைப் பதிவேட்டில்கூட எங்களுக்குத் தனி நோட்டு, முத்திரை இல்லாத நோட்டு.


கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 7.15

தம்பி, அந்த ஸ்டிக்கர் விஷயம் என்னை உலுக்கிவிட்டது. அது செலவுக் கணக்கைத் தாண்டிய விஷயம், நாளைக்கு ஒரு போலிச் சான்றிதழ் வெளியே போனால் யாரைப் பிடிப்பது?

நான் இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாநில பட்ஜெட்டில் சம்பளத்துக்குத் தனித் தலைப்பு உண்டு. ஏஜென்சிக்குக் கொடுப்பது அதில் வராது. "தொழில்முறை மற்றும் சிறப்புச் சேவைகளுக்கான கொடுப்பு" என்ற தலைப்புக்குப் போய்விடும். வக்கீல் கட்டணமும் ஆலோசகர் கட்டணமும் போகிற அதே இடம். சம்பளச் செலவு கட்டுக்குள் இருக்கிறது என்று சட்டமன்றத்தில் ஒரு எண்ணைப் படிக்கும்போது, முருகுவைப் போன்றவர்களின் செலவு அந்த எண்ணுக்குள் இல்லை. எத்தனை பேர் என்ற கணக்கும் அங்கே கிடையாது. நிரந்தரப் பணியிடம் என்றால் ஒவ்வொன்றுக்கும் அரசாணை எண் இருக்கும். இங்கே ரூபாய் மட்டும்தான்.

ஒரு நகராட்சித் தணிக்கையில் துப்புரவு ஒப்பந்த பில்லைப் பார்த்தேன். "40 பேர், 30 நாள்" என்று மொத்தமாக இருந்தது, பெயரே இல்லை. அடுத்த நாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு யாருக்கும் சொல்லாமல் அவர்கள் கூடும் இடத்துக்குப் போய் நின்றேன். எண்ணினேன், 31 பேர். ஒரு பெண்ணிடம் மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். "எல்லாரும் வந்தாச்சு சார்" என்றது. அந்தப் பெண்ணுக்கு 40 என்ற எண்ணே தெரியாது. தணிக்கைத் தடை, அதாவது ஆட்சேபக் குறிப்பு, எழுதினேன். பதில் வருவதற்குள் ஒப்பந்தம் முடிந்து அடுத்த ஏஜென்சி வந்துவிட்டது.

31 பேர் 40 பேர் வேலையைச் செய்திருக்கிறார்கள். நான் அன்றைக்கு 9 பேர் சம்பளத்தைத்தான் இழப்பு என்று எழுதினேன். அந்த 31 பேரின் முதுகைப் பற்றி எழுத எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் எல்லாரையும் ஒரே கையெழுத்தில் நிரந்தரமாக்கச் சொன்னால் நான் எதிர்ப்பேன். கயல் கேட்டது நியாயமான கேள்வி. அந்தச் செலவைத் தாங்க முடியாத நகராட்சிகள் நிஜமாகவே இருக்கின்றன.


வடசென்னைவாசி | திங்கள், இரவு 8.30

தாங்க முடியாது என்று முடிவு செய்யும் முன் எவ்வளவு என்று எண்ணியாவது பார்த்தார்களா, ஐயா? நீங்களே இப்போது சொன்னீர்கள், எத்தனை பேர் என்றே கணக்கில் இல்லை. எண்ணாத ஒன்றைத் தாங்க முடியாது என்று எப்படிச் சொல்வது?

என் கருத்து மாறவில்லை. தினமும் நடக்கும் வேலை, அரசு இருக்கும்வரை இருக்கும் வேலை என்றால் அதற்கு நிரந்தர ஆள்தான் வேண்டும். கும்பாபிஷேகம், தேர்தல், வெள்ளம் என்று திடீர்த் தேவைக்குத் தற்காலிக ஆள் எடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. புதிய சட்டத் தொகுப்பில்கூட ஒரு நிறுவனத்தின் மையப் பணிக்கு ஒப்பந்த ஆள் கூடாது என்று இருக்கிறது. துப்புரவை அதிலிருந்து விலக்கியிருக்கிறார்கள், ஆனால் அந்த நிறுவனம் அந்தப் பணிக்காகவே அமைந்தது என்றால் விலக்கு இல்லை. ஊரைச் சுத்தமாக வைப்பது மாநகராட்சியின் மையப் பணி இல்லை என்றால் வேறு எதுதான் மையப் பணி?


கோர்ட்டு வராந்தா | திங்கள், இரவு 9.05

நல்ல வாதம். அந்தக் கேள்வி கண்டிப்பாக நீதிமன்றத்துக்கு வரும். அதற்கு வருடங்கள் ஆகும். இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு, தகவல் உரிமை மனு. ஒரு ஊர், ஒரு அலுவலகம் என்று ஆரம்பிக்கலாம். கணக்குப்பிள்ளை ஐயா, எந்தத் தலைப்பில் எதைக் கேட்க வேண்டும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?


கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 5.50

இரவு உட்கார்ந்து எழுதினேன். பொதுவாகக் கேட்டால் "தகவல் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதனால் ஆவணத்தின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும்.

கடந்த மூன்று நிதியாண்டில் வெளிமுகமை மூலம் பணியமர்த்தியவர்களின் எண்ணிக்கை, பணியிட வாரியாக. அதே காலத்தில் அதே அலுவலகத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், காலியிடங்கள். ஒவ்வொரு மாதமும் ஏஜென்சிக்குக் கொடுத்த தொகையின் பட்டியல் எண்ணும் கணக்குத் தலைப்பும். ஒப்பந்தத்தின் நகல், சர்வீஸ் சார்ஜ் சதவீதத்தோடு. பில் வந்த தேதி, பணம் போன தேதி.

கடைசிக் கேள்வி ஈரோட்டுக்காரருக்காகச் சேர்த்தது. அவர் மனைவியின் நகை எத்தனை நாள் அடகில் இருந்தது என்று அதில் தெரியும்.


ஈரோட்டுக்காரன் | செவ்வாய், காலை 7.20

நன்றிங்க. நகையை மீட்டாச்சு. இதையும் சேருங்கள்: ஒவ்வொரு மாத பில்லோடும் ஏஜென்சி கொடுத்த பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலான் நகல், அதோடு பெயர்ப் பட்டியல் கொண்ட இ.சி.ஆர். தாள். செலான் மட்டும் கேட்டால் வேறு ஊர் ஆட்களுக்குக் கட்டியதைக் காட்டிவிடுவார்கள். பெயர்கள் அந்தத் தாளில்தான் இருக்கும். பெயர் தர மாட்டோம் என்றால் எண்ணிக்கையாவது கேளுங்கள்.


தேனி முருகு | செவ்வாய், காலை 9.10

படித்தேன். என் பதினோரு மாதமும் அந்தத் தாளில் தெரிந்துவிடும். ஆனால் எங்கள் அலுவலகத்துக்கு என் பெயரில் மனு போட முடியாது. தபாலைப் பிரித்துப் பதிவு செய்வதும் நான்தான்.


மதுரைக் கயல் | செவ்வாய், காலை 9.25

என் பெயரில் போடுகிறேன் அண்ணா.


கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 9.40

வேண்டாம் அம்மா, நீ தேர்வுக்குப் படி. நாளைக்கு இதே அலுவலகத்துக்கே வேலைக்கு வரலாம். எனக்கு இழக்க ஒன்றும் இல்லை. முருகு, ஊரின் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் மட்டும் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வீட்டில் இருக்கிறது. இன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் போட்டுவிடுகிறேன். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் இதே இழையில் ஒவ்வொரு பக்கமாகப் போடுகிறேன். அப்போது மிச்சமா இல்லையா என்று மறுபடி சண்டை போடுவோம்.